ஏழாயிரம்

ஏழாயிரம் என்பது சம்பளமல்ல.
முன் டிஃபரன்ஷியலில் ஊற்றும்
சிலிக்கான் எண்ணெயின் கெட்டி.
நடுவே பத்தாயிரம், பின்னே மூவாயிரம்.
"தேன் மாதிரியா, விளக்கெண்ணெய் மாதிரியா?"
என்று கேட்டார் ஐந்து ரோட்டுக் கடைக்காரர்.
இரண்டுக்கும் இடையில் என்றேன்.

பகலில் ஜவ்வரிசி ஆலையில்
மாவுக்கஞ்சி குவளையின் ஓட்டை வழியாக
எத்தனை நொடியில் இறங்குகிறதென்று
பார்த்து எழுதுவது என் வேலை.
இரவிலும் அதே வேலைதான்,
கையெழுத்துப் போட நோட்டு கிடையாது.

சுகந்தி செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவள்.
இங்கே ஊதமாட்டாள்.
மூச்சை அடக்கி நான்கு திருகையும் கழற்றுவாள்.
பெரிய பல் இரண்டு, சின்னப் பல் நான்கு,
சோளமுத்து அளவு.
குறுக்குக் கம்பி மூழ்கினால் போதும்,
நிரப்பாதே, சூடேறினால் பிதுங்கும்,
குமிழெல்லாம் மேலே வரட்டும்,
அதுவரை பேசாதே.

பேசாதே என்றவள்தான்
குமிழ் ஏறிய அந்தப் பத்து நிமிடத்தில்
"அவர் திருப்பூரிலேயே இருந்துக்கறாராம்" என்றாள்.
கடைசிக் குமிழ் உடைந்தது.
மூடியைப் பூட்டினோம்.
வண்டி அவள் பேரில்,
கடன் என் பேரில்.

கருப்பூர் தாண்டி, வெள்ளைக்கல் தூசி படிந்த மைதானம்.
முப்பத்தொன்பது டிகிரி.
வளைவில் உள்சக்கரம் நடந்தால் போதும்,
வெளிச்சக்கரம் ஓடியாக வேண்டும்.
இரண்டையும் சேர்த்துக் கட்டினால்
வண்டி நேரே போகும், சுவர் வரைக்கும்.
முழுக்க அவிழ்த்துவிட்டால்
தரையைத் தொடாத சக்கரம் மட்டும்
வெட்டியாகச் சுற்றி
இருக்கிற பலத்தையெல்லாம் தின்னும்.
எண்ணெய் நடுவில் நின்று பேரம் பேசும்.
அன்று பேரம் படிந்தது.
விரலை எடுத்த இடத்தில் திரும்பியது வண்டி,
பால்மாவு போல் புழுதி பின்னால் எழுந்தது.

ஞாயிறு, ஏற்காட்டில் பந்தயம்.
பேருந்தின் கடைசி இருக்கை.
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும்
எங்கள் காலடியில் பெரிய டிஃபரன்ஷியல் முனகியது.
"இதுல எவ்வளவு ஊத்தியிருப்பாங்க?"
தொண்ணூறு என்றேன்.
"அவ்வளவுதானா?"
அது வேற கணக்கு.

மேலே, காபி காயவைக்கும் களத்தை ஒட்டி
ஈரச் செம்மண் பாதை. மூடுபனி. பதினாறு டிகிரி.
முதல் வளைவிலேயே வண்டி திரும்ப மறுத்து
ஒரு சில்வர் ஓக்கின் அடியில் போய் முட்டி நின்றது.
கருப்பூரில் ஐயாயிரமாய் இளகியிருந்தது
இங்கே எட்டாயிரமாய் இறுகியிருந்தது.
புட்டியில் எழுதியிருந்ததென்னவோ
ஏழாயிரம்தான்.

இளகிய எண்ணெயோ சேலத்தில்,
என் மேசையில், மூடி திறந்தபடி.

சுகந்தி முன்பாகத்தைக் கழற்றி
ஒரு பால் கவருக்குள் சுற்றி
டீக்கடை பாய்லர் மேல் வைத்தாள்.
"முட்டையாம்மா?" என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றாள், அரை வேக்காடு.

எட்டுச் சுற்று, அப்படி ஓடியது.
ஒன்பதாவதில் ரப்பர் வளையம் விட்டுக்கொடுத்தது.
வளைவை விட்டு வெளியேறும்போது
அந்தரத்தில் ஒரு முன்சக்கரம் அலறியது.
அவள் விசையைப் பாதியில் நிறுத்தி
நான்கும் மண்ணைத் தொடும்வரை காத்திருந்து
பிறகு அழுத்தினாள்.
ஒவ்வொரு வளைவிலும் அப்படியே.
நான் மூச்சு விட மறந்திருந்தேன்,
அவள் விட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பதினொரு பேரில் நான்காவது.
ஒரு சான்றிதழ், ஒரு பை மிளகு.

இறங்கும்போது வண்டி அவள் மடியில்.
துப்பட்டாவில் உள்ளங்கை அகலக் கறை.
சோப்புக்குப் போகாது என்றேன்.
தெரியும் என்றாள்.
பிறகு, "அடுத்த தடவை ஐயாயிரம்."
மேலேயா, கீழேயா என்று கேட்டேன்.
பேருந்து பதினோராவது வளைவில் திரும்பியது.
அவள் என் பக்கம் சாய்ந்தாள்,
அடுத்த வளைவில் ஜன்னல் பக்கம்.